மணம் வேறு, குணம் வேறு

சகோதரிகளே, இந்த வாரத்து விஷயத்தைச் சொன்னால் உங்களில் சிலர் முகத்தைச் சுளிக்கக்கூடும். விஷயம் ரம்! "குடும்பப் பத்திரிகையில் இதற்கென்ன வேலை?" என்று மாமியார் கேட்டால், "கேக்குக்காக" என்று சொல்லிவிடுங்கள். அது பொய்யும் அல்ல. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்து ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களில், கிறிஸ்துமஸுக்குப் பல வாரங்கள் முன்பே உலர்ந்த திராட்சையும் பேரீச்சம்பழமும் ரம்மில் ஊற ஆரம்பித்துவிடும். இப்போது மற்ற வீடுகளிலும் அந்தக் கேக்கைச் செய்து பார்க்கிறார்கள். அந்த ரம்மில் பட்டை, கிராம்பு, ஏலம் போட்டு மணமேற்றும் வழக்கமும் கூடவே வந்திருக்கிறது. செய்வதென்றால் விவரம் தெரிந்து செய்ய வேண்டாமா?

ரம் என்பது கரும்பின் பிள்ளை. ஆலையில் சர்க்கரையைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் கறுத்த பாகை மொலாசஸ் என்பார்கள். அதைப் புளிக்கவைத்து வடித்தால் ரம். அதில் வாசனைச் சரக்கைச் சேர்ப்பது சீமையிலிருந்து நேற்று வந்த நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், வாசனைச் சரக்கு ஆகிய ஐந்தும் கலந்த பானத்துக்குப் 'பஞ்ச்' என்று பெயர். ஐந்து என்று பொருள்படும் 'பாஞ்ச்' என்ற ஹிந்திச் சொல்லே அப்படி ஆயிற்று என்று பலர் சொல்வார்கள். 1632-ல் ஒரு கம்பெனி உத்தியோகஸ்தர் எழுதிய கடிதத்திலேயே அந்தச் சொல் வந்துவிட்டது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் இடிந்து நிற்கிறதே டச்சுக்காரர் கோட்டை, அவர்களும் சும்மா வரவில்லை. இந்தக் கரையில் துணி வாங்கி, அதைக் கொடுத்துத்தான் கிழக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள்.

சரி, ஊறவைத்தால் என்ன நடக்கிறது? கிராம்பின் மணம், பட்டையின் மணம் எல்லாம் எண்ணெய் இனம். தண்ணீரோடு அவ்வளவாக ஒட்டாது. நெய்யில் கரையும், சாராயத்திலும் கரையும். தாளிக்கும்போது நெய்யில் பட்டை கிராம்பைப் போட்டதும் வீடெல்லாம் மணக்கிறதே, அதே கதைதான். நெய்யில் சூடு ஒரு நிமிஷத்தில் செய்வதை ரம்மில் காலம் மெதுவாகச் செய்கிறது. அவ்வளவே வித்தியாசம்.

கேக்குக்குக் கால் லிட்டர் ரம் போதும். ஓர் அங்குலப் பட்டை, கிராம்பு 2, தட்டிய ஏலக்காய் 2, ஆரஞ்சுத் தோல் ஒரு துண்டு. தோலின் உள்பக்கத்து வெள்ளையைச் சீவி எறிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் கசக்கும். எல்லாவற்றையும் சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிச் சீசாவில் போட்டு, இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். கிராம்பு முரட்டுப் பேர்வழி. மற்ற எல்லாவற்றையும் அடக்கிவிடும். அதை மட்டும் மறுநாளே எடுத்துவிட வேண்டும். மற்றவை மூன்று நான்கு நாள் இருக்கலாம். தினம் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். போதும் என்று மூக்கு சொன்னதும் மெல்லிய துணியில் வடிகட்டிவிடுங்கள். ஜாதிக்காய் வேண்டுமானால் ஒரு சிட்டிகை துருவலுக்கு மேல் கூடாது. அளவு மீறினால் மயக்கமும் வாந்தியும் வரும். அது ஜாதிக்காயின் குணம்.

சீக்கிரம் ஆகட்டும் என்று அடுப்பில் வைத்துவிடாதீர்கள்! நம் ஊர் ரம்மில் நூற்றுக்கு 42.8 பங்கு ஆல்கஹால். அந்த அளவுள்ள திரவத்திலிருந்து ஏறக்குறைய 26 டிகிரி சூட்டிலேயே தீப்பற்றக்கூடிய ஆவி எழும். செங்கல்பட்டில் மார்கழிப் பகலிலேயே அந்தச் சூடு இருக்கிறதே! காஸ் அடுப்புக்குப் பக்கத்தில் மூடியைத் திறக்கவே கூடாது. இன்னொன்று: வடிகட்டிய சீசா பார்வைக்கு இருமல் மருந்து போலவே இருக்கும். பெயர் எழுதி ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

"வெந்தால் எல்லாம் பறந்துவிடும்" என்று சொல்வார்கள். முழுக்கப் பறப்பதில்லை. மாவோடு கலந்து ஒரு மணி நேரம் வெந்த பிறகும் சுமார் கால் பங்கு ஆல்கஹால் தங்கிவிடுகிறது. ஆகவே, பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்கும் குழந்தைகளுக்கும் வேறு கேக் செய்யுங்கள். விரதக்காரர்களுக்கும், குடியை விட்டு மீண்டவர்களுக்கும் சொல்லாமல் பரிமாறுவது பாவம்.

இதுவரை சொன்னது சமையல். இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம். வாசனைச் சரக்கு ஒரு வேலையை மிக நன்றாகச் செய்யும்: மட்டமான சரக்கின் நாற்றத்தையும் காரத்தையும் மறைத்துவிடும். ஆனால் விஷத்தைத் தொடக்கூட அதனால் முடியாது.

2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகம் பக்கத்துக் கிராமங்களிலும் கள்ளச்சாராயம் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இறந்தவர்களில் பெண்களும் உண்டு. அதில் இருந்தது மெத்தனால் என்ற தொழிற்சாலைச் சரக்கு. அடுத்த ஆண்டே, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களை அதே மெத்தனால் கொண்டுபோயிற்று.

மெத்தனாலுக்கு நிறம் இல்லை. மணமும் ஏறக்குறைய சாதாரணச் சாராயம் போலத்தான். நாக்கும் மூக்கும் காட்டிக்கொடுக்கமாட்டா. உடம்புக்குள் போனபின் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. உடனே ஒன்றும் தெரியாது. பல சமயம் 12 மணி முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல் எல்லாம் வரும். "நேற்றுக் குடித்தவர் நன்றாகத்தானே தூங்கினார்" என்று பலர் ஏமாந்துபோவது இங்கேதான். கண் மங்குகிறது என்று சொன்னால் மோரும் எலுமிச்சையும் கொடுத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மாற்று மருந்தும், ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸும் இருக்கின்றன. சீக்கிரம் போனால் உயிரும் பிழைக்கும், பார்வையும் பிழைக்கும். போலீஸுக்குப் பயந்தோ, மானம் போகிறதே என்றோ மறைத்தால் டாக்டரால் என்ன செய்ய முடியும்? என்ன குடித்தார் என்பதை உள்ளபடி சொல்லிவிடுங்கள்.

ஆகையால், கேக்குக்கு வாங்கினாலும் சரி, முத்திரை உடையாத, ரசீதோடு கிடைக்கும் சீசாவாக இருக்கட்டும். "தெரிந்த இடம், மலிவு" என்று யாராவது கேனில் கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். புதுச்சேரிக்குப் போய்வருகிறவர்களிடம் சொல்லியனுப்பும் ஆசையும் வேண்டாம். எல்லைச் சோதனைச் சாவடியில் தலைகுனிந்து நிற்க நேரும்.

ரம்மே வேண்டாம் என்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. ஆரஞ்சுச் சாற்றைப் பட்டை, கிராம்பு, ஏலத்தோடு ஐந்து நிமிஷம் மெல்லிய தீயில் வைத்து இறக்கி, வடிகட்டி, ஆறியதும் பழங்களை அதில் போட்டு ஃப்ரிட்ஜில் ஓர் இரவு ஊறவையுங்கள். இது ரம் போல வாரக்கணக்கில் தாங்காது. மறுநாளே கேக் போட்டுவிட வேண்டும். மாவில் சேர்க்கும் வெண்ணெயை உருக்கும்போது ஒரு கிராம்பை அதில் போட்டு எடுத்துவிட்டால் மணத்துக்கும் குறைவிராது. சாப்பிடுகிறவர்கள் இன்னொரு துண்டு கேட்பார்கள். யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று நீங்கள் யோசிக்கவும் வேண்டியதில்லை.