எலும்பை எடுக்க விடுங்கய்யா!

ரஷ்யாவுக்கு எதிராக ஒன்றாக நிற்பதால் போலந்தும் உக்ரைனும் அண்ணன் தம்பி ஆகிவிட்டதாக நம்மாட்கள் பலர் நினைக்கிறார்கள். இங்கே புனேயில் எங்கள் அலுவலகத்திலும் இதே பேச்சுதான். அய்யா, பங்காளிச் சண்டை அண்ணன் தம்பிக்குள்தானே வரும்!

வொலின் என்று ஒரு பகுதி. இன்று மேற்கு உக்ரைனில் இருக்கிறது, போருக்கு முன் போலந்தில் இருந்தது. 1943-இல் உக்ரைன் கிளர்ச்சிப் படை அங்கே போலிஷ் கிராமங்களை அழித்தது. ஜூலை 11, ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் பூசைக்குக் கூடியவர்களையும் விடவில்லை. கிழக்கு கலீசியாவையும் சேர்த்துச் செத்தவர்கள் 50,000 முதல் 1,00,000 வரை என்கிறார்கள். போலந்தும் யோக்கியமில்லை. பதிலுக்கு உக்ரைனியரை ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். 1947-இல் சுமார் 1,40,000 பேரை ஊரோடு பெயர்த்து நாட்டின் வடக்கிலும் மேற்கிலும் சிதறடித்தார்கள்.

"பழசை ஏன் கிளறுகிறீர்கள்?" என்று கேட்பவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். செத்தவனை எடுத்து முறையாக அடக்கம் செய்வது கிளறுவதா? 2017-இல் போலந்தில் கிளர்ச்சிப் படையின் நினைவுச்சின்னம் ஒன்றை இடித்தார்களாம், அதற்காக எலும்பு தேடும் வேலையையே உக்ரைன் நிறுத்தியது. கல்லுக்காக எலும்பிடம் வீராப்பு! 2022-இல் லட்சக்கணக்கான உக்ரைன் அகதிகளுக்குப் போலந்துக்காரர்கள் வீட்டைத் திறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் இழுபறிதான். வார்சா அரசியல்வாதிகளும் சும்மா இல்லை, வொலின் தீராமல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரவிட மாட்டோம் என்று மிரட்டினார்கள். பிணத்தை வைத்துப் பேரம்.

தடை இல்லை என்று இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் கூட்டாக அறிவித்தது 2024 நவம்பரில். புஸ்னிகி கிராமத்தில் தோண்டியது 2025-இல். 1945 பிப்ரவரியில் கொல்லப்பட்டவர்கள், 2025 செப்டம்பரில்தான் சவப்பெட்டி கண்டார்கள்.