அமைப்புக் கோப்பும் ஆய்வுச் சான்றே

தமிழகமும் கேரளமும் கைகோத்து நிற்கும் எல்லை ஊர் ஆனைகட்டி. அதற்கு அப்பால் அட்டப்பாடி. இருளர், முதுகர், குறும்பர் ஆகிய மூன்று பழங்குடியினரின் பாடல்களைத் தேடி இரு மாநில ஆய்வாளர்களும் நெடுங்காலமாக இப்பகுதிக்குச் சென்று வருகின்றனர். ஒலிநாடாவில் பதிந்த காலம் போய், இன்று பதிவுகள் அனைத்தும் கணினியில் இருக்கின்றன. பாடலைப் பாதுகாத்தால் போதும் என்று நாம் எண்ணுகிறோம். அப்பாடலைத் திருத்திய, அளந்த, ஒலிக்கச் செய்த மென்பொருளின் அமைப்புக் கோப்பையும் பாதுகாக்க வேண்டும் என்பதே என் கருத்து. அக்கோப்பைத் திறக்கவும் பழுது பார்க்கவும் தெரிந்திருப்பது கள ஆய்வாளரின் அடிப்படைத் தகுதிகளுள் ஒன்றாக வேண்டும்.

இது தொழில்நுட்பர்களின் கவலை மட்டுமன்று. அட்டப்பாடியைச் சேர்ந்த நஞ்சியம்மா, 2020இல் வெளியான ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் பாடியமைக்காக 2022 ஜூலையில் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உடனே, முறையாக இசை பயிலாதவருக்கு விருதா, சுருதிக்கு இணங்க அவரால் பாட இயலுமா என்னும் வாதம் சமூக ஊடகத்தில் கிளம்பியது. எந்தச் சுருதி என்று கேட்டவர் சிலரே. எண்சுரத் தொகுதியைப் பன்னிரண்டு சம பாகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நூறு சென்ட் என வைப்பது இன்றைய இசை மென்பொருள் பெரும்பாலானவற்றின் இயல்பு அமைப்பு. அது ஒரு தெரிவு; இயற்கை நியதி அன்று. மலைப்பாடலை அக்கட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பாடியவர் பிசகினார் என்று கூறுவது முழக்கோலால் நெல்லை அளப்பது போன்றது.

1997இல் ஆட்டோ-டியூன் சந்தைக்கு வந்தது முதல், பாடுபவரின் குரலை அருகிலுள்ள சுரத்துக்கு இழுத்து நிறுத்துவது எளிதாகிவிட்டது. எவ்வளவு விரைவாக இழுக்க வேண்டும், எந்தச் சுர வரிசைக்கு இழுக்க வேண்டும் என்பவை அமைப்பில் பதியும் மதிப்புகள். ஆனால் இறுதியாக வெளிவரும் எம்பி3 கோப்பில் அவற்றைப் பற்றிய குறிப்பு ஏதும் இராது. ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒருவர் அப்பதிவைக் கேட்டு, இருளர் இசை சமப்பகுப்புச் சுரங்களில் அமைந்தது என்று முடிவு கட்டக்கூடும். அவர் கேட்டது பாடியவரின் குரலையா, இயந்திரத்தின் திருத்தத்தையா என்பதற்குத் திட்டக் கோப்பு ஒன்றே சாட்சி.

அளவீட்டிலும் இதே சிக்கல் உண்டு. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான பிராட் மென்பொருளைத் தமிழ் ஆய்வாளர் பலர் அறிவர். அது பேச்சொலி ஆய்வுக்காகச் செய்யப்பட்டது. அதில் சுருதியைத் தேடும் எல்லை நெடுங்காலம் இயல்பாக 75 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை இருந்தது. உச்சக் குரலில் பாடும் பெண்ணின் சுரம் 500ஐத் தாண்டினால், நிரல் அதைப் பாதியாகக் கணித்து, ஓர் எண்சுரம் கீழே கோடு வரைந்துவிடும். இவ்வெல்லை ஒலிப்பதிவுக் கோப்பில் எழுதப்படுவதில்லை. அவரவர் கணினியின் விருப்பக் கோப்பில் தங்குகிறது. ஒரே பாடலுக்கு இரண்டு ஆய்வாளர் இரண்டு வரைபடம் காட்டினால், முரண் பாடலில் இல்லாமல் அந்தச் சிறு கோப்பில் இருக்கலாம்.

முன்னோர் இதை உணர்ந்திருந்தனர். 1900இல் தொடங்கப்பட்ட பெர்லின் ஒலிப்பதிவுக் காப்பகத்தின் மரபில் மெழுகு உருளையில் பதிந்தவர்கள், பதிவின் தொடக்கத்தில் ஒரு சுருதிக் குழலை ஊதினர். உருளை எந்த வேகத்தில் சுழன்றது என்பதைப் பின்வருவோர் அவ்வொலி கொண்டு அறியலாம். அந்தக் குழலின் ஊதலே அக்காலத்து அமைப்புக் கோப்பு. இன்று அதற்கு நிகரான ஆபத்து மாதிரி வீதத்தில் இருக்கிறது. நொடிக்கு 48,000 மாதிரிகளாகப் பதிந்த ஒலியைத் தலைப்புத் தகவல் இல்லாத வெறும் தரவாகச் சேமித்து, 44,100 என்று திறந்தால், பத்து நிமிடப் பாடல் ஏறக்குறைய 10 நிமிடம் 53 நொடியாக நீளும். சுருதி சுமார் ஒன்றரை அரைச்சுரம் இறங்கும். கேட்பவருக்கு அது பழுதாகத் தோன்றாது. மெதுவான பாடலாகவே தோன்றும்.

இலக்கிய மாணவர்களுக்கு இது நமது வேலையா என்னும் ஐயம் எழலாம். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் வழி வந்த நமக்கு, எந்த ஏட்டில் எந்தப் பாடம் என்று குறிக்காத பதிப்பு நம்பத்தக்கதன்று எனத் தெரியும். பாடபேதம் காட்டுவது பதிப்பாசிரியரின் அறம். ஒலிப்பதிவில் அப்பாடபேதம் அமைப்புக் கோப்பில் உள்ளது. அச்சுக்கு ஓர் அறமும் ஒலிக்கு வேறோர் அறமும் இருக்க இயலாது.

இனி, திறக்கும் வழி. கோப்பின் பெயருக்குப் பின்வரும் ஒட்டை மாற்றினால் கோப்பின் இயல்பு மாறாது. முதலில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, அந்நகலை எளிய உரைத்தொகுப்பியில் திறந்து தொடக்கத்தைப் பாருங்கள். ‘எக்ஸ்எம்எல்’ என்னும் சொல்லோடு கோணக் குறிகள் தென்பட்டால் அது படிக்கத்தக்க உரை; ஈலானின் குறிப்புக் கோப்பும் ஆடாசிட்டியின் பழைய திட்டக் கோப்பும் இவ்வகை. ‘பிகே’ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள் முதலில் வந்தால் அது சுருக்கப் பொதி. மியூஸ்ஸ்கோரின் இசைக்குறிப்புக் கோப்பு அத்தகையது. பொதியை அவிழ்த்தால் உள்ளே உரை கிடைக்கும். ‘எஸ்க்யூலைட் ஃபார்மேட் 3’ என்று தொடங்கினால் அது தரவுத்தளம்; 2021இல் வந்த ஆடாசிட்டி 3 முதல் திட்டக் கோப்பு அவ்வடிவில்தான் இருக்கிறது. உரையல்லாத கோப்பை நோட்பேடில் திறந்து பார்ப்பதால் தீங்கில்லை. அங்கிருந்து சேமித்தால் கோப்பு பாழாகும்.

கோப்பு திறந்தும் பாடல் ஒலிக்கவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் முகவரியே. திட்டக் கோப்பு பல வேளைகளில் ஒலியைத் தன்னுள் வைத்திருப்பதில்லை. ஒலி எந்தக் கோப்புறையில் உள்ளது என்பதை மட்டும் எழுதி வைத்திருக்கும். வன்தட்டின் எழுத்து மாறினாலோ, கோப்புறையின் பெயர் மாறினாலோ தொடர்பு அறும். ஆனைகட்டி போன்ற எல்லை ஊரில் ஒருவர் தமிழிலும் மற்றவர் மலையாளத்திலும் கோப்புறைக்குப் பெயர் வைப்பது இயல்பு. சில பழைய நிரல்கள் அப்பெயர்களைக் கண்டு தடுமாறும். உரையைச் சேமிக்கையில் யூடிஎஃப்-8 குறியாக்கத்தைத் தெரிவு செய்யாவிடில் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும்; அவற்றை மீட்க வழியில்லை. மென்பொருளே தொடங்க மறுத்தால், அதை மூடிவிட்டு, அதன் அமைப்புக் கோப்பின் பெயரை மாற்றி வைத்து மீண்டும் தொடங்குங்கள். பெரும்பாலான நிரல்கள் புதிய கோப்பை உருவாக்கிக்கொள்ளும். பழையதை அழித்துவிட வேண்டாம். ஆய்வு செய்தபோது இருந்த அமைப்பு அதில்தான் இருக்கிறது.

கோப்பு எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நான் கூறவில்லை. ரீப்பரின் திட்டக் கோப்பு உரையாகவே இருந்தாலும், அதில் சேர்த்த செருகுநிரலின் பெயர் படிக்கக் கிடைக்கும். அதன் உள்மதிப்புகள் குறியீடாக மடங்கிக் கிடக்கும். ஆடாசிட்டியில் திட்டத்தை மூடியதும் செயல்தவிர் வரலாறு மறைந்துவிடும். ஆகவே கையால் எழுதிய குறிப்பு ஒன்றும் வேண்டும்: எந்த நிரல், எந்தப் பதிப்பு, எந்த மாதிரி வீதம், என்ன திருத்தம், எந்த நாளில் என்பன. அரைப் பக்கம் போதும்.

இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. ஆடாசிட்டி, பிராட், ஈலான் மூன்றும் இலவசமாகக் கிடைப்பவை. வேண்டுவது பழக்கம். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் பாடல் வரிகளை அச்சிடுகிறோம். தகவலாளியின் வயதையும் ஊரையும் எழுதுகிறோம். சுருதியை அளந்த எல்லையையும் ஒலியைத் திருத்திய விதத்தையும் எழுத நம் துறைகள் கட்டாயப்படுத்த வேண்டும். 1982இல் தொடங்கப்பட்டு இப்போது குருகிராமில் இயங்கிவரும் இனவரைவு இசைக் காப்பகமும், கோழிக்கோட்டிலுள்ள கிர்டாட்ஸும் நம் நாட்டில் இருக்கும்போது, பதிவுகள் தனி ஒருவரின் மேசை இழுப்பறையில் உறங்கத் தேவையில்லை.

எல்லாவற்றினும் முதன்மையான கடன் பாடியவர்களுக்கு உரியது. பாடியவரின் ஊருக்குத் திருப்பித் தரும்போது, மெருகேற்றிய எம்பி3ஐ மட்டும் கொடுத்துவிட்டு வருவது நீதியாகாது. திருத்தப்படாத வேவ் கோப்பும், திட்டக் கோப்பும், தமிழிலோ மலையாளத்திலோ எழுதிய அரைப் பக்கக் குறிப்பும் அவர்கள் கைக்குச் சேர வேண்டும். அட்டப்பாடியின் அடுத்த தலைமுறையிலிருந்து ஓர் இசை ஆய்வாளர் வருவார். தம் பாட்டி எவ்வாறு பாடினார் என்று அறிய அவர் நம் மென்பொருளின் இயல்பு அமைப்பை நம்பியிருக்கக் கூடாது.

கள ஆய்வில் ஈடுபட்டுள்ள நண்பர்கள் தங்கள் பதிவுகளுடன் அமைப்புக் கோப்புகளை எவ்வாறு சேமிக்கிறீர்கள் என்பதைப் பகிருங்கள். நம் துறைக்கென ஒரு பொது நெறியை அதிலிருந்து நாமே வகுத்துக்கொள்ளலாம்.