தசமபாகம்: நன்றிக் காணிக்கையா, மிரட்டல் வரியா?

சில ஆண்டுகளுக்கு முன்னர், வன்னிக் கிராமமொன்றில் போரில் கணவனை இழந்த பெண்ணொருவரைச் சந்தித்தேன். நுண்கடன் நிறுவனமொன்றில் 50,000 ரூபா கடன் பெற்றிருந்தார். அதில் 5,000 ரூபாவைத் தசமபாகமாகச் சபையில் செலுத்திவிட்டதாகக் கூறினார். "குடுக்காட்டில் சாபம் வரும் எண்டு பாஸ்டர் சொன்னவர், ஐயா" என்றார். கடன் வருமானமாகாது என்பதை அந்தப் போதகர் அவருக்குச் சொல்லவில்லை. வாராந்தத் தவணை கட்ட வழியின்றி அவர் தவித்ததையும் அவர் கேட்டறியவில்லை.

நான் தசமபாகத்துக்கு எதிரானவன் அல்லன். என் அம்மம்மா உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியை வேறு பானையில் இடுவார். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். பஞ்ச காலத்திலும் அப்பானை வெறுமையாக இருந்ததில்லை. அவரை எவரும் மிரட்டவில்லை. தந்தவரை மறவாதிருப்பதே அவருக்குக் கீழ்ப்படிதலாக இருந்தது.

ஆபிரகாம் மெல்கிசேதேக்குக்குப் பத்திலொன்று கொடுத்தபோது மோசேயின் சட்டம் பிறந்திருக்கவில்லை. போரில் வென்று லோத்தை மீட்டுத் திரும்பிய ஒருவர் கொடுத்த நன்றி அது. ஆகவே, "சட்டம் முடிந்துவிட்டது, கொடுக்கத் தேவையில்லை" என்று வசதியாகத் தப்பித்துக்கொள்வோரையும் நான் ஏற்கமாட்டேன். வங்கிக் கணக்கு நிறைந்திருக்கும்போது மட்டும் கிருபையைப் பற்றிப் பேசுவது நன்றிகெட்ட செயல்.

ஆனால், மேடைகளில் நடப்பது வேறு. மல்கியா மூன்றாம் அதிகாரத்தின் 8ஆம் வசனத்திலிருந்து தொடங்கி, "தேவனை வஞ்சிக்கிறீர்கள்" என்று ஏழைகளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார்கள். அதே அதிகாரத்தின் 5ஆம் வசனத்தை ஏன் வாசிப்பதில்லை? கூலிக்காரரின் கூலியைப் பறிப்போருக்கும், விதவைகளையும் அநாதைகளையும் ஒடுக்குவோருக்கும் எதிராகக் கடவுளே சாட்சியாக வருவதாக அங்கே எழுதப்பட்டிருக்கிறது.

உபாகமம் 14ஆம் அதிகாரத்தையும் திறந்து பாருங்கள். மூன்றாம் ஆண்டின் தசமபாகம் லேவியருக்கு மட்டுமன்றி அந்நியருக்கும் அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் உரியது. அவர்கள் உண்டு திருப்தியடைய வேண்டும் என்பதே கட்டளை. அதாவது, நான் சந்தித்த பெண் தசமபாகம் செலுத்தவேண்டியவர் அல்லர், பெறவேண்டியவர்! அவரிடமிருந்து பறித்தது காணிக்கையாகுமா?

லேவியரும் தாம் பெற்றதில் பத்திலொன்றைக் கொடுக்கவேண்டியிருந்தது என்று எண்ணாகமம் 18ஆம் அதிகாரம் கூறுகிறது. இன்றைய போதகர்களில் எத்தனை பேர் தமது பங்கைச் சபை முன்னே கணக்குக் காட்டுகிறார்கள்? கீரையிலும் சீரகத்திலும் பத்திலொன்று கணக்குப் பார்த்து, நீதியையும் இரக்கத்தையும் கைவிட்டவர்களை இயேசு கடிந்துகொண்டதை மறந்துவிட்டார்களா? கொடுப்பதை நிறுத்தும்படி அவர் சொல்லவில்லை. இரண்டையும் செய்யும்படியே சொன்னார்.

கொடுத்தால் பத்து மடங்காகத் திரும்பும் என்பது சீட்டுப் பிடிப்போரின் பேச்சு. கொடாவிட்டால் சாபம் என்பது கப்பம் வாங்குவோரின் பேச்சு. நன்றிக்கு இவ்விரண்டும் தேவையில்லை.

உள்ளவர்களே, மனமுவந்து கொடுங்கள். கொடுத்தது எங்கே போகிறதென்றும் கேளுங்கள். போதகர்களே, இந்த மாதக் காணிக்கையிலிருந்து உங்கள் சபையிலுள்ள ஒரு விதவையின் கடன் தவணையையாவது கட்டிவிட்டு, அடுத்த ஞாயிறு மல்கியாவைத் திறவுங்கள்.