தாயும் சேயும் நலம்... யார் சொன்னது?

குழந்தை பிறந்த அன்று வந்த போன்களில் கேட்டதெல்லாம் பையனா பொண்ணா, எத்தனை கிலோ, நார்மலா சிசேரியனா என்பதுதான். ரங்கமணியும் "தாயும் சேயும் நலம்" என்று எல்லாருக்கும் ஒரே மெசேஜ் தட்டிவிட்டார். ஒன்பதாம் நாள் அந்தத் தாய் மறுபடியும் ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

எங்களுக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். பொட்டி தட்டுவது திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில். பிரசவம் பார்க்க அம்மா லேகியச் சாமானோடு வந்திறங்கினாள். இந்த ஊர்ப் பிரசவ ரட்சையையும் ஏன் விடுவானேன் என்று ஒரு சேச்சியை ஏற்பாடு செய்தோம். தைலம் தேய்த்து, இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் வேதுகுளி. பொய் சொல்லக்கூடாது, சுகமாகத்தான் இருந்தது. ஒன்பது மாதம் சுமந்த இடுப்பை யாராவது பிடித்துவிட்டால் கசக்குமா என்ன?

கசந்தது தண்ணீர் விஷயம். "தண்ணி குடிக்காதடி, வயிறு வச்சிடும்" என்று ஒரு நாளைக்கு நாலு டம்ளர் ரேஷன். பால் கொடுப்பவளுக்குத் தாகம் எப்படி எடுக்கும் தெரியுமா? ராத்திரி பாத்ரூம் குழாயில் திருட்டுத்தனமாகக் குடித்திருக்கிறேன். பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் ரத்தம் கட்டிக்கொள்ளும் அபாயம் கூடுதல். அந்தச் சமயத்தில் தண்ணீரைக் குறைத்து, நடக்கவும் விடாமல் படுக்கப் போடுவதற்குப் பெயர் பத்தியமா?

எட்டாம் நாள் ராத்திரி மண்டை பிளக்கும் தலைவலி, கண்முன் பூச்சி பறந்தது. அம்மா, "தூக்கம் கெட்டா அப்படித்தான்." மாமியார் போனில், "பனி பட்டிருக்கும், காதுல பஞ்சு வை." ரங்கமணி ஆபீஸ் காலில் இருந்தார். மறுநாள் தைலக் கிண்ணத்தோடு வந்த சேச்சி என் முகவீக்கத்தைப் பார்த்ததுமே கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். "மோளே, குளி வேண்டா. ஆசுபத்திரியில் போ."

பிபி 170/110. வலிப்பு வராமலிருக்க மக்னீசியம் சல்பேட் ஏற்றினார்கள். கர்ப்பகாலம் முழுக்க எனக்கு பிபி நார்மல்! அப்படி இருந்தவர்களுக்கும் பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரை இது வரலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் குழந்தையின் தடுப்பூசித் தேதிகள் வரிசையாக இருந்தன. எனக்கு ஒரே வரி, ஆறு வாரம் கழித்து வரவும்.

இத்தனைக்கும் இது கேரளா. 2018-20 கணக்குப்படி லட்சம் குழந்தைப் பிறப்புக்குத் தாய் மரணம் இங்கே 19, தமிழ்நாட்டில் 54, இந்தியாவில் 97. இங்குள்ள மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2004 முதல் தாய் மரணங்களைப் பெயர் வெளியிடாமல் அலசி, எங்கே கோட்டை விட்டோம் என்று பார்க்கிறது. அந்த அக்கறை வீட்டு வாசலோடு ஏன் நின்றுபோகிறது? முதல் நாள், மூன்றாம் நாள் வாக்கில், 7 முதல் 14 நாளுக்குள், ஆறாவது வாரம் என்று குறைந்தது நாலு முறை தாயைப் பார்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், 2022-இல். நம் வீடுகளில் அந்த நாலு தடவையும் குழந்தையைத்தான் தூக்கிப் பார்க்கிறார்கள்.

"எங்க பாட்டி வயக்காட்டுல பெத்துட்டு மறுநாளே நாத்து நட்டாங்க" என்று ஆரம்பிக்கும் அண்ணன்மார்களே, அப்படிப் பெற்றுச் செத்த பாட்டிகளின் கதையைச் சொல்ல யாரும் மிஞ்சவில்லை. எண்ணெய்க் குளியல் எல்லாமே மூடநம்பிக்கை என்பவர்களுக்கும் ஒன்று: என்னை ஆஸ்பத்திரிக்கு விரட்டியது அந்த எண்ணெய்ச் சேச்சிதான்.

துபாயோ நியூஜெர்சியோ, அம்மாவுக்கு விசா எடுத்து வரவழைத்ததோடு கடமை முடிந்தது என்றிருக்கும் ரங்கமணிகளே, உங்களுக்கு வேலை இருக்கிறது. பிபி மெஷின் ஒன்று வாங்குங்கள். 140/90-ஐத் தாண்டினால் டாக்டருக்குப் போன். தலைவலி, கண் மங்கல், மூச்சுத்திணறல், ஒற்றைக் கால் வீக்கம், ஒரு மணி நேரத்துக்குள் பேட் நனைந்துபோகும் உதிரப்போக்கு, காரணமில்லாமல் வரும் அழுகை, இதில் எது வந்தாலும் "சரியாப் போயிடும்" என்று சொல்லாதீர்கள். 160/110 என்றால் போன்கூட வேண்டாம், நேரே வண்டியை எடுங்கள்.

தங்கைக்கு அடுத்த மாதம் சிங்கப்பூரில் பிரசவம். அம்மா கிளம்புகிறாள். லேகிய டப்பாவுக்குப் பக்கத்தில் மெஷினை நானே வைத்துவிட்டேன். தண்ணீர் விஷயத்தில் மட்டும் இன்னும் சண்டை ஓயவில்லை :-)