கிழக்குக்கட்டையும் கட்டியங்காரனும்

ஹாஸ்யப் படமொன்றைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுதுதல் தகுமோ என்று சிலர் வினவக்கூடும். மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையையே முதற்கண் வைத்தவர் தொல்காப்பியனார். நகை பிறக்கும் நான்கு இடங்களுள்ளும் எள்ளலையே அவர் முன் நிறுத்தினார். ஆகவே, நாம் யாரை எள்ளி நகுகின்றோம் என்பது ஆராயத்தக்க பொருளேயாம்.

2010-ஆம் ஆண்டு வெளிவந்த ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ என்னும் படத்தை அன்பர் பலர் அறிவர். 2006-இல் ‘இம்சை அரசன் 23-ம் புலிகேசி’யை அளித்த சிம்புதேவனே இதனையும் இயக்கினார். தொப்பியும் துப்பாக்கியும் தரித்த குதிரைவீரனாக ராகவா லாரன்ஸ் தோன்றினார். அமெரிக்க மேற்குத் திசைக் கதைகளின் கோலம் முழுவதும் தமிழ் பேசியது. கொடுங்கோலனாக நாசர் நடித்த பாத்திரத்தின் பெயர் கிழக்குக்கட்டை. அவன் ஆளும் ஊர் உசாபுரம். கிளின்ட் ஈஸ்ட்வுட் என்னும் நடிகரின் பெயரைத் தமிழாக்கினால் முன்னது வரும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் மூன்றெழுத்துச் சுருக்கத்தைச் சேர்த்துப் படித்தால் பின்னது வரும்.

இதனைக் கண்டோர் இருதிறத்தினராயினர். பெயர்களின் நயத்தையும் காட்சியமைப்பையும் மெச்சினோர் ஒருசாரார். கதை தளர்ந்து நடக்கிறது, வேஷமும் நமக்கு அந்நியம் என்று குறைகூறினோர் மற்றொரு சாரார். வேஷம் அந்நியம் என்பதை நாம் ஒப்புவதற்கில்லை. கர்ணன் இயக்கிய ‘காலம் வெல்லும்’ 1970-இலும் ‘கங்கா’ 1972-இலும் வெளிவந்து, ஜெய்சங்கரைக் குதிரைமேல் ஏற்றிவிட்டன. சிவகாசியினின்று அச்சாகிவந்த முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் சிற்றூர்ச் சிறுவர்க்கெல்லாம் அந்தப் பாலைநிலத்தைக் காட்டின. மேலும், ஈஸ்ட்வுட்டைப் புகழேற்றிய படங்களே, இத்தாலியர் ஸெர்ஜியோ லியோனே ஸ்பெயின் தேசத்தில் எடுத்தவையன்றோ! யாவரும் கடன்வாங்கிய உடையை நாம் மட்டும் உடுத்தலாகாது என்பது என்ன நியாயம்?

படத்தில் கொடுமைக்குள்ளாகும் ஊருக்கு ஜெயசங்கர்புரம் என்று பெயர். இதனைக் கேட்டு மூத்தோர் வாய்விட்டுச் சிரிக்க, இளைஞர் காரணம் விளங்காது விழித்ததை நாமே கண்டோம். அது எவர் குற்றமுமன்று. பொதுவான நினைவு இல்லாதவிடத்துப் பகடி வேர்கொள்ளாது.

வலியோனை எள்ளும் நகை நம் மண்ணுக்குப் புதிதன்று. தென்னார்க்காட்டு ஊர்களில் திரௌபதியம்மன் திருவிழாக் கூத்தைக் கண்டோர் கட்டியங்காரனை மறவார். துரியோதனன் முடிதரித்து முழங்கும்போது, அவன் பக்கத்திலேயே நின்று அவனைப் பரிகசிப்பவன் அவன். அந்த முடிக்கு அஞ்சவேண்டாம் என்று ஏழைமக்களுக்கு அவன் சொல்லாமற் சொல்லுகிறான். பூமியின் பெரும் வல்லரசை உசாபுரமாக்கிய சிம்புதேவன் கட்டியங்காரனுடைய வழித்தோன்றலே. இம்மட்டில் நாம் படத்தை மனமார வாழ்த்துகிறோம்.

ஆனால், மூத்தோரும் இளையோரும் வேற்றுமையின்றிச் சிரித்த காட்சி வேறொன்று. செவ்விந்தியர் என்ற கூட்டத்தாரின் பேச்சை எம். எஸ். பாஸ்கர் பெயர்த்துரைக்கும் காட்சி அது. அவருடைய நடிப்புத்திறத்தில் நமக்கு ஐயமில்லை, நாமும் சிரித்தோம். சிரித்தபின்னரே நெஞ்சம் சற்றுக் குறுகுறுத்தது. அம்மக்கள் நிலமிழந்தோர், பெயரும் இழந்து, கொலம்பஸின் பிழையால் வந்த பெயரைச் சுமந்தோர். வெறுங்கூச்சல்போல் திரையில் ஒலித்தது அவர்தம் பேச்சு. ஆயினும் அவர்களுள் நவாஹோ இனத்தாரின் மொழியைக் கொண்டே இரண்டாம் உலகப்போரில் 1942 முதல் அமெரிக்கப்படை இரகசியச் செய்தி அனுப்பிற்று; ஜப்பானியரால் அதனை அவிழ்க்க இயலவில்லை.

பகடி பழைய படங்களைக் குறித்தேயன்றி அம்மக்களைக் குறித்ததன்று என்று நண்பர் ஒருவர் வாதித்தார். அவர் கூற்றில் உண்மை உண்டு. ஆயின், பழைய படங்களின் வீரனைத் தலைகீழாக்கிக் காட்டிய இயக்குநர், அப்படங்கள் இழிவுபடுத்திய மக்களை இருந்தபடியே விட்டுவிட்டார் என்பதே நம் குறை. வலியோனை எள்ளிய நகை அவ்விடத்தில் எளியோன்மேல் இறங்கிவிட்டது.

இது கடல்கடந்த தூரத்துப் பேச்சு என்று நாம் ஒதுக்கலாகாது. இருளரும் குறவரும் நம் கடலூரிலும் சிதம்பரத்திலும் அயலவராய் வாழ்கின்றனர். 1993-இல், இன்றைய கடலூர் மாவட்டத்து முதனை கிராமத்தில் குறவர் ஒருவரைத் திருட்டு வழக்கில் பிடித்துச்சென்றனர். அவர் போலீஸ் காவலில் அடியுண்டு மாண்டார். அவ்வழக்கைத் தழுவி 2021-இல் ‘ஜெய் பீம்’ வந்தபோது இதே ஊரார் கண்ணீர் விட்டனர். காடுறை மக்களைக் கண்டமாத்திரத்தில் நகைப்பதற்கு ஒரு படத்திலே பழகிய மனம், மற்றொரு படத்திலே அவர்க்காக அழுகின்றது. வீதியிலே அவர் எதிர்ப்படும்போது அம்மனம் எப்பக்கம் சாயும்? அஃதன்றோ உண்மையான தேர்வு!

படத்தை விலக்குமாறு நாம் சொல்லவில்லை. மீண்டும் காண்க, கிழக்குக்கட்டை வீழுங்கால் வயிறு நோகச் சிரிக்க. பெயர்த்துரைக்கும் காட்சி வரும்போது மட்டும் ஒரு கணம் கட்டியங்காரனை நினைத்துக்கொள்க. அவன் மன்னனைப் பரிகசித்தான். மன்னனால் மிதியுண்டவனைப் பரிகசித்தானல்லன்.