மதிலும் பூட்டும் போல் ஒரு நாயா?

புதுமனை கட்டி மதில் எழுப்பியவுடன் ரொட்வைலர் குட்டியொன்றைத் தேடி அலைவோர் இன்று நம்மிடையே பலர். மதில், படலை, பூட்டு, நாய் என்ற வரிசையில் அதுவும் ஒரு தட்டுமுட்டுப் பொருளாகிவிடுகின்றது. "நாய் கடிக்கும், கவனம்" என்ற பலகை குட்டிக்கு முன்னரே வந்துவிடுவதும் உண்டு.

இந்நாயின் பிறப்பிடம் தென் ஜேர்மனியிலுள்ள ரொட்வைல் என்னும் பழைய பட்டினம். மாடுகளைச் சாய்த்துச் செல்லவும் இறைச்சிக் கடைக்காரரின் சிறு வண்டிகளை இழுக்கவும் அதனை வளர்த்தனர். புகைவண்டி வந்து தெருவழியே மாடு கொண்டுசெல்வது நின்றபின் இவ்வினம் அருகிப் போயிற்று. 1910ஆம் ஆண்டளவில் பொலிஸ் பணிக்கு ஏற்றதெனக் கண்டபின்னரே மீண்டும் தழைத்தது. ஆகவே எசமானின் அருகே நடந்து, அவன் சொற்கேட்டு, நாள் முழுதும் உழைத்த பரம்பரை அது. அதனைப் பின்வளவில் மாமரத்தோடு சங்கிலியிட்டுவிட்டு, காவல் செய்கின்றது என்று நாம் மகிழ்கின்றோம்! உண்மையில் அது அங்கே புழுங்கிக்கொண்டிருக்கின்றது.

இதனினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. பிறர் முகங் காட்டாது வளர்த்தாற்றான் நாய்க்குச் சூரம் வரும் என்பது நம்மவரின் பழைய நம்பிக்கை. ரொட்வைலருக்கு வீட்டைக் காக்கும் குணம் இரத்தத்திலேயே உண்டு. அதனை நாம் ஊட்ட வேண்டியதில்லை. நாம் ஊட்ட வேண்டியது வேறு. மூன்றாம் வாரந் தொடங்கிப் பதினான்காம் வாரம் வரையிலான பருவத்திற் கண்டு பழகியவற்றையே நாய் பின்னர் இயல்பானவையாகக் கொள்ளும். மீன்காரரின் கூவல், தபாற்காரரின் சைக்கிள் மணி, குடை பிடித்து வரும் பாட்டி, கூச்சலிட்டு ஓடும் பாடசாலைப் பிள்ளைகள் ஆகிய அனைத்தையும் குட்டி அச்சமின்றிக் காணல் வேண்டும். வழமையானது எது என அறிந்த நாய்க்கே வழமைக்கு மாறானது எது என்பதும் விளங்கும். ஒன்றுங் காணாது வளர்ந்ததோ அச்சத்தாற் கடிக்கும். கள்வனையும் கடிக்கும், மகளின் தோழியையும் கடிக்கும்.

உறுமும் நாயை அடிக்கும் வழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதற்காக அடிபட்ட நாய், அடுத்த முறை உறுமாமலே பாயக் கற்றுக்கொள்ளும். எத்துணை நல்ல நாயாயினும் சிறு குழந்தையோடு தனியே விடலாகாது. கட்டளைச் சொற்களும் வீட்டார் யாவர்க்கும் ஒன்றாயிருத்தல் வேண்டும். தந்தையார் "இரு" என்கையில் பாட்டனார் மேசைக்குக் கீழே இறைச்சித் துண்டு நீட்டினால் நாய் யார் பக்கம் சாரும் என்று சொல்லவேண்டியதில்லை.

வளர்ந்த ஆண் நாய் ஏறக்குறைய 50 கிலோ நிறையுள்ளது. பத்து வயதுப் பிள்ளையின் கையில் அதன் வாரைக் கொடுப்பது பேதைமை. கறுத்த, அடர்ந்த உரோமத்தோடு நமது வெயிலை அது தாங்காது; ஆகையால் உலாத்தல் விடியுமுன்னரே நடைபெறவேண்டும். ஆண்டுதோறும் விசர்நாய்த் தடுப்பூசியும் தவறலாகாது.

அது வாழ்வது ஒன்பது, பத்து ஆண்டுகள். அதற்கிடையே குடும்பம் வெளிநாடு சென்றால் நாய் யாரிடம் போகும்? ஒருவர் கைக்குப் பழகிய பெருநாயை ஏற்க அயலவர் எளிதில் முன்வரார். குட்டிக்குப் பணம் எண்ணும்போதே இதனையும் வீட்டார் கூடிப் பேசுவது நன்று.

யாரேனும் படலையடிக்கு வந்தாற் குரைத்தாற் போதும் என்போர்க்கு ஊர்நாய்க் குட்டியொன்றே போதுமானது. நமது வெயிலும் அதற்குப் பழக்கம். நமது சோறும் பழக்கம்.