மூன்றில் ஒரு பங்கு எங்கே?

அண்மையில் மும்பையில் ஒரு கருத்தரங்கிற்குச் சென்றிருந்தேன். கைவிடப்பட்ட தொழிற்தளங்களைக் காலநிலைக்கு உகந்த நகர்ப்புறப் பூங்காக்களாக மாற்றுவது பற்றிய அமர்வு அது. ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் 1985இல் மூடப்பட்ட இரும்பாலை எவ்வாறு பூங்காவாயிற்று, நியூயார்க்கில் பயனற்றுக் கிடந்த உயர்மட்ட ரயில்பாதையில் எவ்வாறு புல் முளைத்தது என்று அழகிய படங்கள் திரையில் வந்து போயின. இரண்டு மணி நேரம் பேசினார்கள். நிலம் யாருடையது என்ற கேள்வியை ஒருவரும் எழுப்பவில்லை. அரங்கம் அமைந்திருந்த அடுக்குமாடி வளாகமோ, ஒரு காலத்தில் நெசவாலை நின்ற மண்ணின்மீது எழுந்தது. அந்த மௌனத்திற்கு மறுமொழியாகவே இதை எழுதுகிறேன்.

என் வாதத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். தொழிற்தளத்தைப் பூங்காவாக்குவது தாவரவியல் சிக்கலோ வடிவமைப்புச் சிக்கலோ அன்று. அது நிலவுரிமைச் சிக்கல். நிலம் பொதுவுடைமையாக இல்லாத இடத்தில் 'காலநிலைப் பூங்கா' என்பது விற்பனை விளம்பரத்தில் இடம்பெறும் ஒரு சொல்லாக மட்டுமே எஞ்சும். இதற்கு மும்பையைவிடத் தெளிவான சான்று இந்தியாவில் இல்லை.

1854இல் தார்தேவில் முதல் நெசவாலைக்கு வித்திடப்பட்டது. அதன்பின் பரேல், லால்பாக், பைகுல்லா, வர்ளி என விரிந்த பகுதியை மக்கள் கிரண்காவ், அதாவது ஆலைகளின் ஊர், என்று அழைத்தனர். 1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அப்போராட்டம் முறைப்படி முடிவுற்றதாக எவரும் அறிவிக்கவில்லை. ஆலைகள்தாம் ஒவ்வொன்றாக முடிந்துபோயின. எஞ்சியது நிலம். 58 ஆலைகள், சுமார் 600 ஏக்கர், அதுவும் உலகின் மிக நெரிசலான நகரங்களுள் ஒன்றன் நடுவில்.

அந்த நிலத்திற்கு ஒரு சட்டம் இருந்தது. 1991ஆம் ஆண்டு வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளின் 58ஆம் விதி, மறுவளர்ச்சிக்கு வரும் ஆலை நிலத்தை ஏறத்தாழ மூன்று சமபங்காகப் பிரித்தது. ஒரு பங்கு திறந்தவெளிக்காக மாநகராட்சிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்காக மகாராஷ்டிர வீட்டுவசதி ஆணையத்திற்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு. எளிய கணக்குதான்: 600 ஏக்கரில் 200 ஏக்கர் பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் உரியது. 1996இல் கட்டடக்கலை அறிஞர் சார்லஸ் கோரியா தலைமையில் அரசே அமைத்த குழு, துண்டு துண்டாக விற்காமல் ஆலை நிலங்களை ஒன்றிணைத்துத் திட்டமிட வேண்டும் என்றது. ரயில் நிலையங்களை ஒட்டி மக்கள் கூடும் திறந்தவெளிகளும் அத்திட்டத்தில் இருந்தன. திட்டம் கோப்பில் உறங்கியது.

2001இல் விதி திருத்தப்பட்டது. பங்கிட வேண்டியது முழு நிலத்தையன்று, ஏற்கெனவே வெறுமையாகக் கிடக்கும் நிலத்தை மட்டுமே என்றாயிற்று. ஆலைக் கட்டடத்தை இடித்தபின் கிடைக்கும் இடம் பங்கீட்டிற்கு வராது. ஆலை வளாகம் என்றாலே பெரும்பகுதி கட்டடம்தான் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். 200 ஏக்கர், ஒரு சொல்லின் பொருளை மாற்றியதால் சில துண்டு நிலங்களாகச் சுருங்கிப்போயிற்று. சுற்றுச்சூழல் அமைப்பொன்று தொடுத்த வழக்கில் 2005இல் பம்பாய் உயர் நீதிமன்றம் பொதுமக்கள் பக்கம் நின்றது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் திருத்தத்தை நிலைநிறுத்தியது.

எதிர்த்தரப்பின் வாதத்தை நேர்மையாக எடுத்துரைப்பது கடமை. ஆலைகள் நலிந்திருந்தன, நிலத்தை விற்றால்தான் தொழிலாளரின் நிலுவையைத் தீர்க்க முடியும், உரிமையாளருக்கு ஆதாயம் இல்லையேல் நிலம் பூட்டியே கிடக்கும் என்றனர். இதில் ஓரளவு உண்மை உண்டு. 1991க்குப் பின் பல உரிமையாளர்கள் அசையாமல் காத்திருந்ததும் உண்மையே. ஆயினும், காத்திருப்பவரை அசைக்க அரசிடம் வேறு வழிகள் இல்லையா? ஆலைகளில் 25 தேசிய ஜவுளிக் கழகத்துக்கு, அதாவது அரசுக்கே, உரியவை. அரசு எவருடைய ஆதாயத்துக்காகக் காத்திருந்தது? தொழிலாளர் பெயரால் வாதிட்டீர்களே, அவர்கள் இன்று எங்கே? வீட்டுக்கு விண்ணப்பித்த முன்னாள் தொழிலாளரும் வாரிசுகளும் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். கிடைத்தவர்கள் அதில் சிறு பங்கினர். மற்றவர்களுக்கு நகரத்துக்கு வெளியே தொலைவில் உள்ள ஷேலுவும் வாங்கணியும் காட்டப்படுகின்றன.

இனி நீருக்கு வருவோம். காலநிலை என்ற சொல் மண்ணைத் தொடும் இடம் அதுவே. மும்பையின் பழைய மழைநீர் வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்காக வடிவமைக்கப்பட்டவை. பெய்யும் நீரில் பாதியை மண் உறிஞ்சிக்கொள்ளும் என்பது அன்றைய பொறியாளரின் கணக்கு. 1993இல் முன்வைக்கப்பட்ட புதிய வடிகால் திட்டம் அந்த அளவை 50 மில்லிமீட்டராக உயர்த்தியது. அத்துடன், மண் எதையும் உறிஞ்சாது, அனைத்தும் வழிந்தோடும் என்று கணக்கையும் மாற்றியது. உறிஞ்சும் நிலம் இந்நகரில் இனி இல்லை என்று பொறியியல் எழுதிக் கையொப்பமிட்ட ஆவணம் அது! அதன்பின்னும் நடு நகரில் எஞ்சியிருந்த 600 ஏக்கரைக் கான்கிரீட்டிடம் ஒப்படைத்தோம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து நகரம் மூழ்கியது. அதே ஆண்டில்தான் தேசிய ஜவுளிக் கழகத்தின் ஆலை நிலங்கள் ஏலத்தில் விற்கப்பட்டன.

பரேலை அடுத்த ஹிந்த்மாதா சந்திப்பு ஆண்டுதோறும் நீரில் மூழ்கும் இடம். அதற்குத் தீர்வாக மாநகராட்சி அண்மை ஆண்டுகளில் செய்தது என்ன? அப்பகுதியில் மிஞ்சியிருந்த ஒரு பூங்காவின் அடியிலும் ஒரு விளையாட்டுத் திடலின் அடியிலும் பள்ளம் தோண்டி மழைநீரைத் தேக்கும் தொட்டிகள் கட்டியது. குளங்களோடும் மரங்களோடும் கூப்பிடு தொலைவில் கிடந்த ஆலை வளாகங்களைக் கைகழுவிவிட்டு, மக்களின் பணத்தைக் கொட்டி, குழந்தைகள் விளையாடும் மண்ணைத் தோண்டுகிறோம். கண்ணை விற்று ஓவியம் வாங்கிய கதை என்று இதைத்தான் சொல்வார்கள்.

"அந்தக் கோபுரங்களிலும் பசுமை உண்டே, சான்றிதழ் பெற்ற கட்டடங்கள் ஆயிற்றே" என்று கருத்தரங்கில் ஒருவர் கூறினார். வாகன நிறுத்தத் தளங்களின் கூரைமேல் சில அடி மண் பரப்பி வளர்க்கும் தோட்டத்தில் ஆல் வேரூன்றாது. நிலத்தடிக்கு ஒரு சொட்டு நீரும் இறங்காது. வாயிற்காவலரைக் கடந்து உள்ளே போகும் உரிமை அண்டையிலுள்ள சால் குடியிருப்பின் சிறுவனுக்கு இல்லை. மனை வளாகத்தில் விட வேண்டிய குறைந்தபட்சப் பொழுதுபோக்குத் திறந்தவெளி தரைமட்டத்தில்தான் இருக்க வேண்டும், மேடைத் தளத்தில் அன்று என்று 2013இல் உச்ச நீதிமன்றமே கூற வேண்டியதாயிற்று. இந்நகரில் ஒருவருக்குக் கிடைக்கும் திறந்தவெளி ஒன்றரைச் சதுர மீட்டருக்கும் குறைவு. ஒரு பாய் விரித்தால் தீர்ந்துவிடும்.

2017 செப்டம்பர் 29 காலை, மழைக்கு ஒதுங்கிய கூட்டம் எல்ஃபின்ஸ்டன் சாலை ரயில் நிலையத்தின் குறுகிய நடைமேம்பாலத்தில் நெரிந்து 23 பேர் மாண்டனர். ஆலைத் தொழிலாளர் காலத்து நிலையம் அலுவலகக் கோபுரங்களின் கூட்டத்தைத் தாங்கவில்லை. நிலையத்தை ஒட்டித் திறந்தவெளி வேண்டும் என்று இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு குழு கூறியிருந்ததை அன்று எத்தனை பேர் நினைவுகூர்ந்தோம்?

டூயிஸ்பர்க்கைப் போற்றுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே நஞ்சேறிய மண்ணை என்ன செய்வது, உலைக் கோபுரத்தை இடிப்பதா காப்பதா என்ற விவாதம் நடக்க முடிந்ததற்குக் காரணம், அந்நிலம் விற்பனைச் சரக்காக இல்லாமல் பொதுக் கைகளில் இருந்ததே. நியூயார்க்கின் உயர்மட்டப் பூங்காவோ மறுபக்கத்தைக் காட்டுகிறது. பூங்கா வந்தது, சுற்றிலும் நிலவிலை ஏறியது. அண்டைப் பொதுக் குடியிருப்பின் மக்களுக்கு நாங்கள் தவறிழைத்துவிட்டோம் என்று அதை நிறுவியவர்களுள் ஒருவரே பின்னர் ஒப்புக்கொண்டார். ஆகவே பூங்காவா தொழிலாளர் வீடா என்று எதிரெதிரே நிறுத்துவது பொய்யான பிளவு. 1991ஆம் ஆண்டு விதி இரண்டையும் ஒரே வரியில் எழுதியிருந்தது. வீடில்லாத பூங்கா, ஏழையை விரட்டும் கருவியாகும். பூங்கா இல்லாத வீடு, வெள்ளத்தில் மிதக்கும்.

இது முடிந்துபோன கதையன்று. 2020 ஊரடங்கின்போது நின்ற தேசிய ஜவுளிக் கழகத்தின் 23 ஆலைகள், மும்பையிலும் கோவையிலும் உள்ளவை உட்பட, அதன்பின் இயங்கவில்லை. தொழிலாளர் வேலைக்கும் ஊதியத்துக்கும் போராடுகின்றனர். அவற்றைத் திறப்பதா மூடுவதா என்பதில் முதற்குரல் அவர்களுடையது. மூடப்படுமாயின் அந்த நிலத்தைப் பற்றி நாம் இப்போதே மூன்று கோரிக்கைகளை உரக்கச் சொல்ல வேண்டும். முதலாவது, ஏலம் கூடாது. நிலம் பொதுவிலேயே நிற்க வேண்டும். இரண்டாவது, பங்கீடு கட்டடத்தையும் சேர்த்து முழுப் பரப்புக்கும் கணக்கிடப்பட வேண்டும். மூன்றாவது, சாயக்கழிவும் எண்ணெயும் கல்நாரும் கலந்த மண்ணைச் சோதித்துத் தூய்மையாக்கிய பின்பே புல் விதைக்க வேண்டும்.

இவை இயலாதவை அல்ல. தாதரில் இந்து மில்லின் ஏறத்தாழ 12 ஏக்கர், அண்ணல் அம்பேத்கர் நினைவிடத்துக்காகப் பொதுப் பயனுக்குத் திரும்பியது. வடிவமைப்பாளரின் வரைபடம் அதைப் பெற்றுத் தரவில்லை. தெருவில் இறங்கிய மக்கள் பெற்றனர்.

சக ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். 'தாங்குதிறன்' என்று கட்டுரைக்குத் தலைப்பிடும் முன், நீங்கள் ஆராயும் நிலத்தின் உரிமைப் பத்திரத்தையும் அதன்மீதான விதித் திருத்தங்களையும் ஒருமுறை படித்துவிடுங்கள். பூங்காவின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. பல வேளைகளில் அங்கேயே முடிந்தும் விடுகிறது.